உலோகத்தின் அரிப்பும் உடம்பின் அரிப்பும்

ஆம்பூரில் ஒரு மதிய நேரம். சூடான பிரியாணி, தொட்டுக்கொள்ள புளி சேர்த்த கத்தரிக்காய், தயிர் வெங்காயம். சாப்பிட்டு முடித்ததும் ஜில்லென்று ஒரு சோடா. அதற்கும் மேல் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை. அரை மணி நேரத்துக்குள் ஒரு மனிதனின் வாய் கொதிசூட்டையும் குளிர்ச்சியையும், புளியின் அமிலத்தையும் சுண்ணாம்பின் காரத்தையும், இத்தனைக்கும் நடுவில் உப்பையும் பார்த்துவிடுகிறது.

அதே ஊரில், சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது? உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பு. அதன் பிறகு உப்பும் கந்தக அமிலமும் கலந்த குளியல். கடைசியில் குரோமியம் உப்பு. அங்கே சுண்ணாம்பு முதலில், அமிலம் பிறகு. வாயில் அமிலம் முதலில், சுண்ணாம்பு கடைசியில். வித்தியாசம் அவ்வளவுதான்!

தோல் சுழலும் அந்தப் பெரிய டிரம்கள் நெடுங்காலமாக மரத்தால் செய்யப்படுகின்றன. உப்பும் அமிலமும் சேர்ந்தால் சாதாரண இரும்பைத் தின்றுவிடும் என்பது ஒரு காரணம். சரி, தொழிற்சாலையில் மரத்தை வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். வாயில் என்ன செய்வது? போன பல்லுக்குப் பதிலாக ஏதோ ஒன்றை வைத்துத்தானே ஆகவேண்டும்? அந்த ஏதோ ஒன்று என்ன உலோகமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு மனிதன் பதில் தேடிய வரலாறு சுவையானது. அதில் விஞ்ஞானம் பாதி, விலைவாசி பாதி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் நீளும் தோல் நகரங்களின் கதையும் அந்த வரலாற்றோடு ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் 'அரிப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உலோகம் காற்றாலும் நீராலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதும் அரிப்பு. தோலில் நமைச்சல் எடுத்துச் சொறிவதும் அரிப்பு. வேறு வேறு விஷயங்கள்தான். ஆனால் வாயில் வைக்கும் உலோகத்தைப் பொறுத்தவரை முதல் அரிப்புதான் பல சமயம் இரண்டாவது அரிப்பைக் கொண்டுவருகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டும் மாறி மாறி வரும்.

முதலில் உலோக அரிப்பு. இரும்பு துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். உலோக அணு தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு அயனியாக மாறி வெளியேறுகிறது. அதற்கு ஈரமும், அந்த ஈரத்தில் கரைந்த உப்பும் இருந்தால் வேலை சுலபம். உமிழ்நீரில் குளோரைடு உப்பு இருக்கிறது, வெப்பநிலை எப்போதும் 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பற்களில் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. உலோகத்தை அரிக்க ஓர் இடத்தை யாராவது திட்டமிட்டுக் கட்டினால் அது ஏறக்குறைய வாய் மாதிரிதான் இருக்கும்.

வாயில் உலோகம் வேதிவினை செய்கிறது என்பதை நாக்குதான் முதலில் கண்டுபிடித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? 1750-களில் சுல்ட்சர் என்ற சுவிஸ் அறிஞர் ஈயத்தையும் வெள்ளியையும் ஒன்றையொன்று தொடும்படி நாக்கில் வைத்துப் பார்த்தார். தனித்தனியாக வைத்தபோது இல்லாத ஒரு கசப்பான இரும்புச் சுவை, இரண்டும் சேர்ந்தபோது வந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. 1800-இல் வோல்டா மின்கலத்தைச் செய்து காட்டிய பிறகுதான் விளங்கியது: இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு நீர், அதுதான் பேட்டரி! பல்லில் வெள்ளி நிறத்தில் அடைத்திருப்பவர்கள் சாக்லேட்டின் அலுமினியத் தாளைத் தெரியாமல் கடித்தால் சுரீர் என்று ஒரு அதிர்ச்சி வருமே, அதுவும் இதேதான். இந்த வாய் பேட்டரியை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

தங்கம் போய் குரோமியம் வந்தது

அரிக்காத உலோகம் எது என்று கேட்டால் நம் பாட்டிமார்களே சொல்வார்கள், தங்கம் என்று. பல் மருத்துவமும் நீண்ட காலம் அதைத்தான் நம்பியது. தங்கத்தோடு சிறிது செம்பு, வெள்ளி, பிளாட்டினம் சேர்த்துக் கடினமாக்கி உறை செய்தார்கள். அது கறுக்காது, கரையாது, ஈறுக்குத் தொல்லை தராது. ஒரே குறை, விலை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்று கிடைத்தது. அமெரிக்காவில் எல்வுட் ஹேய்ன்ஸ் 1907-இல் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த ஸ்டெல்லைட் உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடப்போய், குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். 1930-களில் வைட்டாலியம் என்ற பெயரில் கோபால்ட்-குரோமியம் கலவை பல் செட்டுகளின் சட்டமாக வாய்க்குள் நுழைந்தது.

இவை எல்லாவற்றிலும் காவல்காரன் ஒருவனே, குரோமியம். காற்று பட்டவுடன் குரோமியம் தன் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் போர்வைதான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. துருதான், ஆனால் ஊரைக் காக்கும் துரு!

இருந்தாலும் தங்கம் உடனே ஓடிவிடவில்லை. அதை வாயிலிருந்து விரட்டியது விஞ்ஞானத்தை விடப் பொருளாதாரம்தான். 1971-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தார். அதுவரை அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிப்போடப்பட்டிருந்த தங்கம், 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. ஒன்பதே ஆண்டுகளில் இருபது மடங்குக்கும் மேல்! உலகெங்கும் பல் ஆய்வுக்கூடங்கள் நிக்கல்-குரோமியத்துக்கும் கோபால்ட்-குரோமியத்துக்கும் மாறின. இந்தியாவில் தங்கத்துக்கு 1968-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு இருந்தது. அது 1990-இல்தான் நீக்கப்பட்டது. 'மெட்டல் கேப்' என்று சாதாரணமாகச் சொல்லும் உறையும், மேலே பீங்கான் பூசிய 'செராமிக் கேப்'பின் அடியில் ஒளிந்திருக்கும் உலோகமும் பெரும்பாலும் இந்தக் குரோமியக் குடும்பம்தான்.

அதே பத்தாண்டில் ஆம்பூரில்

இப்போது வாயை மூடிவிட்டு ஆம்பூருக்கு வருவோம்.

சென்னை மாகாணத்தின் பழைய தோல் பதனிடும் முறை ஆவாரம் பட்டையை நம்பியிருந்தது. வாரக்கணக்கில் ஊறவேண்டும். அந்தத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல பெயர் இருந்தது. குரோமியத்தால் தோலைப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே குளியலில் முடியும்படி எளிமையாக்கினார். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் தோலுக்கான சோதனைகளை நடத்தினார். 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது.

ஆனால் பெரிய திருப்பம் 1970-களில் வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்து, அதையே செருப்பாக்கி லாபத்தை வெளிநாட்டுக்காரன் எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. 1972-இல் சீதாராமையா குழு, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்வதை நோக்கி நகர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973-இலிருந்து அரைகுறைத் தோலுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மென்மையாக, சீராக, கொதிநீரிலும் சுருங்காமல், வாரக்கணக்கில் காத்திருக்காமல் ஓரிரு நாளில் தோல் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், குரோமியம். வெளிர்நீல நிறத்தில் ஈரமாக வெளிவரும் 'வெட் புளூ' தோல் இந்தப் பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தேவைப்படும் குரோமிய ரசாயனத்தைப் பக்கத்திலேயே தயாரிக்க ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையும் 1970-களின் நடுவில் தொடங்கியது.

கவனித்தீர்களா? வாயில் தங்கத்தின் இடத்தைக் குரோமியக் கலவை பிடித்ததும், தோல் தொட்டியில் ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்ததும் ஏறக்குறைய ஒரே காலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முடிவுகள். ஆனால் காரணம் ஒரே ஜாதி: குறைந்த செலவு, குறைந்த நேரம்.

செலவு உண்மையில் குறைந்ததா என்பதுதான் கேள்வி. வணிகவியலில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு செலவு நம் கணக்குப் புத்தகத்தில் இல்லை என்பதால் அது உலகத்தில் இல்லை என்று ஆகாது. யாரோ ஒருவர் புத்தகத்தில் அது ஏறியிருக்கும்.

பதனிடும் தொட்டியில் போடும் குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் கழிவு நீரோடு போகும். அதைவிட அதிகமாகப் போவது உப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பு இருக்கிறது. 'மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் உறுதி செய்தது இந்த வழக்கில்தான். ராணிப்பேட்டை குரோமேட்ஸ் ஆலை அதற்கு முந்தைய ஆண்டே, 1995-இல், மூடப்பட்டுவிட்டது. அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு பல ஆண்டுகள் திறந்த வெளியிலேயே கிடந்தது.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். குரோமியம் என்றாலே விஷம் என்று நினைத்துவிடக் கூடாது. பல் உலோகத்தின் மேல் படியும் படலத்திலும், தோல் பதனிடும் உப்பிலும் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது ஒப்பீட்டளவில் சாது. ராணிப்பேட்டைக் கழிவில் இருந்தது ஆறு இணைதிறன் கொண்டது. அது நீரில் சுலபமாகக் கரையும், செல்லுக்குள் புகும், புற்றுநோய் உண்டாக்கும். ஒரே தனிமம், இரண்டு குணம்.

இரண்டாவது அரிப்பு

இனி உடம்பின் அரிப்பைப் பார்ப்போம்.

நிக்கல்-குரோமியக் கேப்பில் பெரும்பகுதி நிக்கல். குரோமியப் படலம் நன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. கலவையில் குரோமியம் குறைவாக இருந்தாலோ, வார்ப்பு சரியில்லாமல் நுண்ணிய ஓட்டைகள் இருந்தாலோ, குளோரைடு அந்த இடத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். நிக்கல் அயனிகள் வெளியேறும். மலிவான கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதுதான் நிக்கல் ஒவ்வாமை. ஐரோப்பிய ஆய்வுகளில் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் இது இருப்பதாகத் தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வாயில் நிக்கல் வைத்தால் ஈறு சிவக்கலாம், வாய் எரியலாம், எங்கோ கையில் தடிப்பு வரலாம். ஐரோப்பிய நாடுகள் 1994-இல் தோலில் படும் நகைகளிலிருந்து நிக்கல் கசிவதற்கு வரம்பு விதித்தன.

பழைய நிக்கல் கலவைகள் சிலவற்றில் வார்ப்பு சுலபமாக வரவேண்டும் என்பதற்காகப் பெரிலியமும் சேர்த்தார்கள். இதனால் ஆபத்து நோயாளியை விட, அந்தக் கேப்பை உட்கார்ந்து ராவும் ஆய்வுக்கூடத் தொழிலாளிக்குத்தான். பெரிலியத் தூள் நுரையீரலைத் தீராத நோய்க்கு ஆளாக்கும். இப்போதைய சர்வதேசத் தரநிர்ணயம் பெரிலியத்துக்கு 0.02 சதவீதம் என்ற வரம்பை வைத்திருக்கிறது.

தோல் தொழிலிலும் இதே கதைதான். பதனிட்ட தோலில் உள்ள சாதுவான குரோமியம், சூடு, வறட்சி, தவறான எண்ணெய் ஆகியவற்றால் சிறிதளவு ஆறு இணைதிறனுக்கு மாறிவிடலாம். அது செருப்புப் போடுபவரின் காலில் அரிப்பாக வெளிப்படும். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. யாரோ ஒரு ஜெர்மானியரின் பாதத்தில் வரும் அரிப்பு, ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஆர்டரை நிறுத்திவிடும்!

துருவே கவசமான டைட்டானியம்

குரோமியத்தை விடக் கெட்டியான போர்வை உள்ள உலோகம் ஏதாவது உண்டா? உண்டு. அதுதான் டைட்டானியம்.

1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆற்று மணலில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். 1795-இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்கு கிரேக்கப் புராணத்தின் டைட்டன்கள் நினைவாகப் பெயர் வைத்தார். பெயர் வைத்தாயிற்று, ஆனால் உலோகம் கைக்கு வரவில்லை. ஆக்சிஜனை அது அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1910-இல்தான் ஹன்டர் தூய டைட்டானியத்தைப் பிரித்தார். லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் மக்னீசியத்தைக் கொண்டு பிரிக்கும் வழியைக் கண்டு 1940-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1948-இல் வணிக உற்பத்தி ஆரம்பித்தது. விமானங்களுக்கும் ராணுவத்துக்கும்தான் முதலில் போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதியியல் அட்டவணைப்படி பார்த்தால் டைட்டானியம் இரும்பை விட அதிகமாக வினைபுரியும் உலோகம். இரும்பின் நியம மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட். டைட்டானியத்தின் முதல் படி மைனஸ் 1.63 வோல்ட். அதாவது நியாயமாக இது இரும்பை விட வேகமாகக் கரைந்திருக்க வேண்டும். ஏன் கரையவில்லை? அந்த அவசரமே அதைக் காப்பாற்றுகிறது. காற்றோ நீரோ பட்ட மறுகணம் ஆக்சைடு படலம் மூடிவிடுகிறது. கீறினால் மில்லி செகண்டுகளில் மறுபடி மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. குளோரைடு உப்பு எஃகைத் துளைப்பது போல இதைத் துளைப்பதில்லை. எஃகுக்குப் பரம எதிரியான உப்பு நீர், டைட்டானியத்துக்குக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்!

எலும்போடு இது ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர், முயலின் காலெலும்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஒரு சிறு கருவியைப் பதித்தார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்றி மறுபடி உபயோகிக்க நினைத்தார். கழற்ற முடியவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்து வளர்ந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் கருவி வீணாயிற்றே என்று நொந்துகொண்டு போயிருப்பார். அவர் அதையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார்.

1965-இல் பிறவியிலேயே தாடைக் குறையுடைய கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். உலகம் உடனே ஏற்கவில்லை. 1982-இல் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கப் பல் மருத்துவர்கள் நம்பத் தொடங்கினார்கள். லார்சன் 2006-இல் காலமானார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தத் திருகுகள் அவர் வாயில் வேலை செய்தன. தேய்மானம் கணக்கிடும் எந்த மாணவரும் பொறாமைப்படக்கூடிய சொத்து!

அதற்கும் எதிரிகள் உண்டு

அப்படியானால் டைட்டானியம் அழிவில்லாததா? இல்லை. அதன் போர்வையைக் கிழிக்கத் தெரிந்த எதிரி ஒன்று இருக்கிறது. அது, பற்களைக் காப்பதற்காகவே நாம் தேடிப்போகும் ஃபுளூரைடு!

ஃபுளூரைடு தனியாக இருந்தால் பெரிய பாதிப்பில்லை. அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உண்டாகிறது. அது டைட்டானிய ஆக்சைடைக் கரைத்துவிடும். பல் மருத்துவமனைகளில் பூசப்படும் அமில ஃபுளூரைடு ஜெல்லில் சுமார் 12,300 பி.பி.எம். ஃபுளூரைடு இருக்கும், பி.எச். அளவு மூன்றரைக்குப் பக்கத்தில். இதை டைட்டானிய இம்ப்ளாண்ட் மேல் பூசினால் பளபளப்பான பரப்பு சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பில் கிருமி சுலபமாகத் தங்கும். அதனால்தான் இம்ப்ளாண்ட் உள்ளவர்களுக்கு அமிலமில்லாத ஜெல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் பற்பசைக்கு 1,000 பி.பி.எம். என்பது உச்சவரம்பு. அமிலத்தன்மை இல்லாத சாதாரண பற்பசையால் தினமும் துலக்குவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஃபுளூரைடு என்றதும் தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்கள் நினைவுக்கு வரும். 1937-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளூரைடு நோயை ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் பதிவு செய்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் பழைய வேலூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கலப்பது தெரிந்த விஷயம். பற்களில் பழுப்புக் கறையோடு வளரும் பிள்ளைகள் அதற்குச் சாட்சி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். கிணற்று நீரிலுள்ள இந்த அளவு ஃபுளூரைடு டைட்டானியத்தை அரிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு இது மிகவும் குறைவு. அந்த நீர் கெடுப்பது மனிதன் கூடப் பிறந்த பல்லையும் எலும்பையும்தான். விலை கொடுத்து வாங்கிய பல் தப்பித்துக்கொள்ளும், இயற்கை கொடுத்த பல் மாட்டிக்கொள்ளும்!

இரண்டாவது எதிரி, முன்னால் சொன்ன வாய் பேட்டரி. நல்ல டைட்டானியத் திருகைத் தாடையில் பதித்துவிட்டு, செலவைக் குறைக்க அதன் மேல் மலிவான நிக்கல்-குரோமியக் கேப்பைப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு உலோகங்கள், நடுவில் உமிழ்நீர். டைட்டானியம் கௌரவமாக இருந்துகொண்டு, நிக்கல் கேப்பைக் கரையவிடும். கரைந்த நிக்கல் ஈறுக்குள் போகும். அடித்தளத்துக்குக் கிரானைட் போட்டுக் கூரைக்குத் தகரம் போட்ட கதைதான்.

மூன்றாவது எதிரி, கலவையே. தூய டைட்டானியம் சற்று மென்மையானது என்பதால், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த விமான உலோகத்தை எலும்புக்கும் பல்லுக்கும் கொண்டுவந்தார்கள். வனேடியம் செல்களுக்கு நல்லதல்ல என்ற கவலை எழுந்தபோது அதற்குப் பதில் 7 சதவீதம் நியோபியம் சேர்த்த கலவை வந்தது. டைட்டானியத்தோடு சிர்கோனியம் கலந்ததும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. பல் வரிசையைச் சீராக்கும் கம்பிகளில் வரும் நிக்கல்-டைட்டானியத்தில் ஏறத்தாழ பாதி நிக்கல். அங்கே டைட்டானியப் படலம்தான் நிக்கலைச் சிறைவைத்துக் காக்கிறது.

நான்காவது, மிகச் சாதாரணமானது: சுத்தமின்மை. சரியாகத் துலக்காவிட்டால் இம்ப்ளாண்டைச் சுற்றிக் கிருமிப் படலம் சேரும், அமிலம் ஊறும், ஈறு வீங்கும், எலும்பு கரையும். இப்படிக் கெட்டுப்போன இடங்களின் சதையில் நுண்ணிய டைட்டானியத் துகள்களை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். துகள்களால் நோய் வந்ததா, நோயால் துகள்கள் வந்தனவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

மணல் நம்முடையது, திருகு?

டைட்டானியம் தமிழ்நாட்டுக்கு அந்நியம் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, மோனசைட் தேடி இந்தக் கரைக்கு வந்த கதை பிரசித்தம். அந்த மணலில் டைட்டானியத் தாதுவும் கலந்தே இருந்தது. நூற்றாண்டு கழித்து, 2011-இல், கேரளாவின் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியக் கட்டி தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதன் முதல் நோக்கம் விண்வெளித் துறை.

உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே நம்மிடம் ஓர் இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது.

பாலாற்றங்கரைக்கும் டைட்டானியத்துக்கும்கூட ஒரு தொடர்பு ஏற்பட்டுவிட்டது. தோல் கழிவு நீரை ஆற்றில் விடாமல், வடிகட்டி, மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்க வைத்து உப்பாகவே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை 1996 தீர்ப்பைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் உருவானது. அடர்ந்த உப்பு நீரைச் சூடாக்கும் ஆவியாக்கியில் சாதாரண துருப்பிடிக்காத எஃகு தாக்குப்பிடிப்பது கஷ்டம், குளோரைடு குழி பறித்துவிடும். இத்தகைய இடங்களில் டைட்டானியக் குழாய்களைப் போடுவது பொறியியல் வழக்கம். அரை நூற்றாண்டாக உப்பைத் தண்ணீரில் கொட்டியதற்கு, உப்பு அரிக்காத விலையுயர்ந்த உலோகத்தை வைத்து அதைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது!

பில் யாருக்கு?

பல் போன ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளி முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எடுத்து மாட்டும் பிளாஸ்டிக் செட், மலிவான உலோகக் கேப்பும் பிரிட்ஜும், நல்ல கலவையில் செய்தது, டைட்டானிய இம்ப்ளாண்ட். எல்லோராலும் கடைசி வழிக்குப் போக முடியாது. மலிவான கேப் போடுவது தவறும் அல்ல. நல்ல கோபால்ட்-குரோமியம் ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி உழைக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கலாம் அல்லவா? இதில் நிக்கல் இருக்கிறதா? எனக்குக் கம்மல் ஒவ்வாமை இருக்கிறதே, பரவாயில்லையா? இம்ப்ளாண்ட் மேல் என்ன உலோகம் வைக்கிறீர்கள்? செருப்பு வாங்கும்போது தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்த ஊர் இது. வாயில் வைக்கும் உலோகத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பது பெரிய விஷயம் இல்லை.

இந்த வரலாறு முழுக்க ஒரே பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த உலோகமும் இலவசமாகக் காப்பாற்றுவதில்லை. தங்கத்தின் விலை கடையிலேயே தெரிந்துவிடும். நிக்கலின் விலை ஈறில் தெரியும். பெரிலியத்தின் விலை முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் நுரையீரலில். குரோமியத்தின் விலை பாலாற்றுப் படுகைக் கிணறுகளில். மலிவு என்று நாம் சொல்வதில் பாதி, பில் வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதுதான்.

மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்று ஆற்றுக்காக ஒரு தீர்ப்பு வாங்கித் தந்த மண் இது. அதே கணக்கைத் தன் வாய்க்குள்ளும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.